கரண்ட் போனாலும் லொக் தொலையாமல்: ரபிட்எம்கியூ செய்முறை

திருக்கடலூரில் மாமா ஒருவரின் மீன் வாடிக்கு, குளிர் அறையின் வெப்பநிலையைப் பதிகிற பைதன் புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். லொக், அதாவது புரோகிராம் எழுதிவைக்கிற பதிவு வரிகள், எல்லாம் நேரே கொழும்பு சர்வருக்குப் போகும். மாரியில் லைன் விழுந்தால், ஒரு வரி லொக் போய்ச் சேரும்வரை முழுப் புரோகிராமும் நின்றுவிடும். வெப்பநிலையும் பதியாது. நடுவில் கியூ ஒன்றை, அதாவது செய்திகளை வாங்கி வரிசையில் வைத்திருந்து பிறகு கொடுக்கிற இடத்தை, வைத்த பிறகுதான் அது தீர்ந்தது. அந்தக் கியூவை நடத்துகிற மென்பொருள்தான் ரபிட்எம்கியூ.

1. ரபிட்எம்கியூவைப் புரோகிராம் ஓடுகிற அதே மெஷினில் போடுங்கள். கியூவும் கொழும்பிலேயே இருந்தால் பழைய பிரச்சினை அப்படியே இருக்கும். இதே வகை வேலைக்குக் காஃப்கா என்ற மென்பொருளைப் பலர் சொல்வார்கள். ஒரு வாடிக்கு அவ்வளவு பெரியது வேண்டாம். ரபிட்எம்கியூவின் மனேஜ்மென்ட் பிளகினைக் கட்டாயம் இயக்குங்கள். பிரவுசரில் 15672 போர்ட்டில் கியூ நிரம்புவதைக் கண்ணால் பார்க்கலாம்.

2. பிக்காவை (பைதனிலிருந்து ரபிட்எம்கியூவோடு பேசுகிற லைப்ரரி) இன்ஸ்டோல் செய்து, பைதனின் லொக்கிங் ஹாண்ட்லரிலிருந்து (லொக் வரியை எங்கே அனுப்புவது என்று பார்க்கிற கிளாஸ்) சொந்த ஹாண்ட்லர் ஒன்று எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஓடுகிற அதன் எமிட் ஃபங்ஷனுக்குள் வரியை ஜேசனாக்கி பப்ளிஷ் செய்தால் போதும்.

3. இரண்டு நாள் என்னை அலைக்கழித்த இடம் இது. கியூவை 'டியூரபிள்' என்று அறிவித்தேன். கரண்ட் போய் வந்தது. கியூ இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. டியூரபிள் காப்பது கியூவை மட்டும். செய்திகளும் தப்ப வேண்டுமானால் ஒவ்வொன்றையும் டெலிவரி மோட் 2 வைத்து அனுப்ப வேண்டும். அதோடு சனலில் (பிக்கா செய்தி அனுப்புகிற இணைப்பு வழி) கன்பேர்ம் டெலிவரியையும் போடுங்கள். செய்தியைப் பொறுப்பெடுத்த பிறகுதான் ரபிட்எம்கியூ பதில் தரும். முன்பு டியூரபிள் இல்லாமல் அறிவித்த கியூவை அதே பெயரில் மாற்றி அறிவித்தால் 406 பிழை வரும். பழையதை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

4. கொழும்புப் பக்கத்தில் எடுக்கிற புரோகிராம், வரியை டிஸ்க்கில் எழுதிய பிறகே அக் (கிடைத்தது என்ற பதில்) அனுப்பட்டும். ஓட்டோ அக் வேண்டாம்: எழுதுமுன் அந்தப் புரோகிராம் விழுந்தால் அந்த வரி போனதுதான். ரபிட்எம்கியூவோடு வருகிற 'கெஸ்ட்' கணக்கு அது ஓடுகிற மெஷினிலிருந்து மட்டுமே உள்ளே விடும், எனவே வெளியிலிருந்து வர வேறு பயனரை உருவாக்குங்கள்.

பின்சேர்க்கை: உவர்மலையிலிருந்து ஒரு தம்பி, டீபக் மட்டத்தை (சின்ன விவரங்களையும் லொக்கில் எழுதுகிற நிலை) இயக்கியதும் புரோகிராம் ரிகர்ஷன் பிழையோடு (தன்னையே திரும்பத் திரும்ப அழைப்பதால் வருவது) விழுகிறது என்று எழுதியிருந்தார். ஹாண்ட்லரை, எல்லா லைப்ரரிகளின் லொக்கும் வந்து சேர்கிற ரூட் லொக்கரில் மாட்டியிருக்கிறார். பப்ளிஷ் செய்யும்போது பிக்காவும் தன் லொக்கை எழுதும், அதையும் ஹாண்ட்லர் அனுப்பப் போகும், முடிவே இல்லை. பிக்காவின் லொக் ரூட்டுக்குப் போகாதபடி, பிக்கா லொக்கரின் புரொபகேட்டை ஃபோல்ஸ் ஆக்கச் சொன்னேன், சரியாகிவிட்டது.