‘கேப்டிவ் ஆடியன்ஸ்’: எந்தக் கூட்டத்துக்குப் பொருந்தும்?

பள்ளி ஆண்டு மலருக்குப் பட்டிமன்றச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதினேன். மூன்று மணி நேரம் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அதைப் பாராட்டத்தான் ‘தி ஸ்பீக்கர் ஹேட் எ கேப்டிவ் ஆடியன்ஸ்’ என்று முடித்தேன். படித்துவிட்டு அந்தப் பேச்சாளர், “ஏன் தம்பி, வேற வழியில்லாமத்தான் உக்காந்திருந்தாங்கன்னு எழுதிட்டீகளே?” என்றார். அவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

முதல் படி: எழுதும் முன், ‘இவர்களால் எழுந்து போக முடியுமா?’ என்று கேளுங்கள். முடியாது என்றால் மட்டுமே கேப்டிவ் ஆடியன்ஸ். மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறுகிறோம். டிரைவர் போடுகிற பாட்டு பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இறங்கும்வரை கேட்டாக வேண்டும். அப்போது நாம் கேப்டிவ் ஆடியன்ஸ். வாஷிங்டனில் பஸ், டிராம்களில் ரேடியோ ஒலிபரப்பியது பற்றிய வழக்கில், 1952-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி டக்ளஸ், பயணிகளை இதே சொல்லால்தான் குறித்தார்.

இரண்டாம் படியில்தான் நான் வழுக்கினேன். தமிழில் ‘கூட்டத்தைக் கட்டிப்போட்டுட்டார்’ என்பது பெரிய பாராட்டு. அந்த நினைப்பில் ‘கேப்டிவ்’ என்றால் கட்டுண்டவர்கள், சரிதானே என்று எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் அது கைதியைக் குறிக்கும் சொல். மனம் கட்டுண்டதைச் சொல்ல ‘கேப்டிவேட்டட்’ வேண்டும். இரண்டும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை, அதனால்தான் இந்தக் குழப்பம். எனக்குப் பிடித்தது ‘ஹெல்ட் தி ஆடியன்ஸ் ஸ்பெல்பவுண்ட்’. ‘ஸ்பெல்’ மந்திரம், ‘பவுண்ட்’ கட்டுண்ட. நம் ‘கட்டிப்போட்டார்’ அப்படியே வந்துவிடுகிறது. ‘ஸ்பெல்பவுண்டட்’ என்று நீட்டாதீர்கள்.

மூன்றாவது, ‘ஹேட் எ கேப்டிவ் ஆடியன்ஸ்’ போன்ற வாக்கியத்தில் ‘எ’ விட்டுப்போகக் கூடாது.

அகராதி வாங்குவதானால் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் வாங்குங்கள். தொடரையும் அது வரும் வாக்கியத்தையும் சேர்த்துத் தருகிறது. செல்போன் மொழிபெயர்ப்பை நம்பி இப்படிப்பட்ட தொடர்களை நான் எழுதுவதில்லை.

பின்சேர்க்கை: நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒருவர், “எங்க ‘கேப்டிவ் பவர்’ல வர்றதும் இதே கேப்டிவ்தானா?” என்று கேட்டார். அது ஆலை தன் தேவைக்கெனத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் மின்சாரம், பொருள் வேறு. ஆனால் அதே ஆலையில் ஷிஃப்ட் ஆட்களைப் பாதுகாப்பு வகுப்புக்குக் கட்டாயம் உட்கார வைத்தால், அவர்கள் கேப்டிவ் ஆடியன்ஸ். வகுப்பு நன்றாக இருந்தாலும் அப்படித்தான்.