எஃப்1 மேனேஜர் ஆடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தெருவில் கல்லூரிப் பையன்கள் சிலர் எஃப்1 மேனேஜர் 24 (காரை ஓட்டாமல், ஃபார்முலா 1 ரேஸ் டீமை நிர்வகிக்கிற கேம்) பிடித்து ஆட ஆரம்பித்திருக்கிறார்கள். மதுரையில் ரேஸ் டிராக் கிடையாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு முடிந்ததும் தல்லாகுளத்து மொட்டைமாடி அறையில் ஒரு பிட் வாலே (ரேஸின்போது டீம் நிர்வாகிகள் உட்கார்ந்து உத்தரவு போடுகிற இடம்) நடக்கிறது. முன்னே நான் சொதப்பிய இடங்களிலேயே அவர்களும் வரிசையாகச் சொதப்புகிறார்கள். காய்ந்த டிராக்கில் இரண்டு வகை டயர் போட்டாக வேண்டும் என்பது போன்றதெல்லாம் கேமே சொல்லித் தரும். அதை விட்டுவிடுகிறேன்.

பிராக்டிஸைத் தள்ளிவிடுவது

"போர்ணே" என்று வெள்ளிக்கிழமையை சிமுலேட் செய்து தாண்டுகிறார்கள். காரின் அமைப்பை மாற்ற முன் விங், பின் விங் (காரைத் தரையோடு அழுத்துகிற இறக்கைகள்) தொடங்கி ஐந்து ஸ்லைடர்கள் இருக்கின்றன. மாற்றிவிட்டு டிரைவரைச் சில சுற்றுகள் ஓடவிட்டால்தான் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று அவர் சொல்வார். பொறுமை இல்லாதவர் ரேஸில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவாகிற சனிக்கிழமை குவாலிஃபையிங்கில் புலம்பக் கூடாது.

சேஃப்டி கார் வந்ததும் இரண்டு காரையும் ஒன்றாக உள்ளே கூப்பிடுவது

விபத்து நடந்தால் எல்லாரையும் மெதுவாக ஓட வைக்க வருவதுதான் சேஃப்டி கார், அப்போது டயர் மாற்றினால் நேரம் மிச்சம். ஆனால் இரண்டு காருக்கும் டயர் மாற்ற ஒரே இடம்தான், நடுவே போதுமான இடைவெளி இல்லை என்றால் பின்னால் வருபவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்.

அடுத்த வருஷக் காரை மறப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

விண்ட் டனல் (கார் மாதிரி மேல் காற்றை ஊதிச் சோதிக்கிற கூடம்) நேரம், சிஎஃப்டி (அதே சோதனையைக் கம்ப்யூட்டரில் செய்வது) நேரம் இரண்டுமே அளவாகத்தான் கிடைக்கும். அதே நேரத்தை இந்த வருஷக் காருக்குப் புது பாகம் வடிவமைக்கவும் செலவழிக்கலாம், அடுத்த வருஷக் காருக்கான ரிசர்ச்சுக்கும் செலவழிக்கலாம். ஒன்றில் போட்டால் மற்றதில் குறையும். புதுசாக ஆடுகிறவர் கண்ணுக்கு ரிசர்ச்சில் பலனே தெரியாது, அடுத்த ரேஸில் ஒரு இடம்கூட ஏறாது. அதனால் எல்லாவற்றையும் புது ஃப்ளோர் (காரின் அடித்தளம்), புது சைட்பாட் (காரின் பக்கவாட்டுப் பகுதி) என்று கொட்டிவிடுவார்கள்.

மாடி அறைத் தம்பி ஒருவன் வில்லியம்ஸை எடுத்து அப்படித்தான் ஓட்டினான். சீசன் முடிந்ததும் போன். "அண்ணே, ஆறாவது வந்துட்டோம்ணே!" குரலில் திருவிழா. ரிசர்ச்சில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். "அப்படின்னா?" என்றான்.

அடுத்த சீசன் முதல் ரேஸில் இரண்டு காரும் கடைசி வரிசை. அவன் டிரைவர்களைத் திட்டினான், இன்ஜினைத் திட்டினான். விஷயம் அங்கே இல்லை. மற்ற டீம்கள் குளிர்காலத்துக்கு முன்பே ரிசர்ச் சேர்த்து வைத்திருந்தார்கள், இவனிடம் ஒன்றுமில்லை. இதில் இன்னொரு கொடுமை: முந்தைய வருஷம் மேலே ஏறியதற்காக இவனுக்கு டனல் நேரமும் குறைந்துவிட்டது. நிஜ எஃப்1 விதியும் இதுதான். விதித்த அடிப்படை நேரத்தில் முதலிடத்து டீமுக்கு 70 சதவீதம், ஏழாவதுக்கு 100, பத்தாவதுக்கு 115. கீழே இருக்கும்போது கிடைக்கிற அந்தக் கூடுதல் நேரம்தான் சின்ன டீமின் சொத்து. அதை அன்றன்றைக்கே சாப்பிட்டுவிட்டு மேலே போனால், நேரமும் குறைவு, காரும் மோசம் என்று இரண்டு பக்கமும் அடி விழும்.

நிஜத்தில் இதை நேர்மாறாகச் செய்து காட்டியது ஹோண்டா. 2009இல் விதிகள் தலைகீழாக மாறப் போகின்றன என்று தெரிந்து, 2008 காரைச் சீக்கிரமே கைகழுவிவிட்டு வேலையை அடுத்த காருக்குத் திருப்பினார்கள். 2008இல் வெறும் 14 புள்ளிகள், ஒன்பதாவது இடம். டிசம்பரில் ஹோண்டாவே விலகிவிட்டது, பாவம். டீமின் தலைவராக இருந்த ராஸ் பிரானே அதைக் கையில் எடுத்தார், பிரான் ஜிபி ஆனது. 2009இல் அவர்கள் டிரைவர் ஜென்சன் பட்டன் முதல் ஏழு ரேஸில் ஆறை வென்றார், டிரைவர், டீம் என்று இரண்டு சாம்பியன்ஷிப்பும் அவர்களுக்கே.

எப்போது திருப்புவது? என் கணக்கு: பின்வரிசை டீம் என்றால் ஆகஸ்ட் இடைவேளைக்கு முன்பே பெரும்பகுதி நேரத்தை ரிசர்ச்சுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு இடம் மேலே போனால் பரிசுப் பணம் கூடும் என்பது உண்மைதான், பக்கத்து டீம் இரண்டு மூன்று புள்ளியில் இருந்தால் ஒரு பாகம் மட்டும் செய்யுங்கள். மற்றபடி, இலையுதிர் காலத்தில் ஆரம்பித்த ஃப்ளோர் வடிவமைத்து, தயாரித்து, காரில் ஏறும்போது லாஸ் வேகாஸ் ரேஸ் வந்துவிடும். 2024 காலண்டரில் அதற்குப் பின் கத்தார், அபுதாபி இரண்டுதான் மிச்சம். மூன்று ரேஸுக்காக அவ்வளவு பணமா? ஒரு டீம் வருஷத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்கிற செலவு வரம்பிலும் அது ஏறி உட்காரும்.

ஆசைப்பட்ட டிரைவருக்குச் சம்பளத்தைக் கொட்டுவது

கார் வேகமான பிறகு கூப்பிடுங்கள்.

உதிரி செய்யாமல் விடுவது

புது முன் விங் வந்ததும் காருக்கு ஒன்றாக இரண்டே செய்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஊர்த் தெருக்களிலேயே ரேஸ் நடக்கிற மொனாக்கோவுக்குப் போகும்போதாவது கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் ஒரு கை தூரத்தில் இருக்கிறது, வெள்ளிக்கிழமையே ஒருவர் இடித்துவிட்டால் ஞாயிறன்று பழைய விங்கோடுதான் ஓட வேண்டியிருக்கும்.