குட்டிச் சிலந்தியும் என் ஜூம் லென்ஸும்

என் 70-300 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸின் மேல் 'மேக்ரோ' (சிறியவற்றை நெருங்கிப் பெரிதாக எடுப்பது) என்றே எழுதியிருக்கும். ஆனாலும் குதிக்கும் சிலந்தியை எடுத்தால் அதன் கண்கள் தெளிவாக வராது. காரணம் உருப்பெருக்க விகிதம், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும் அளவுக்கும் உண்மையான அளவுக்கும் உள்ள விகிதம். அந்த லென்ஸில் அதிகபட்சம் 1:4 தான். 6 மில்லிமீட்டர் சிலந்தி சென்சாரில் 1.5 மில்லிமீட்டராகத்தான் விழும். எவ்வளவு வெட்டிப் பெரிதாக்கினாலும் இல்லாத விவரம் எங்கிருந்து வரும்?

100 மில்லிமீட்டர் மேக்ரோ பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) வாங்கியதும் அது தீர்ந்தது. 1:1 என்பதால் அதே சிலந்தி சென்சாரிலும் 6 மில்லிமீட்டர். 60 மில்லிமீட்டர் லென்ஸும் 1:1 தரும், விலையும் பொதுவாகக் குறைவு. ஆனால் அதற்குப் பூச்சியை மிகவும் நெருங்க வேண்டும். அது ஓடிவிடும், லென்ஸின் நிழலும் அதன்மேல் விழும். உயிருள்ளவற்றுக்கு 100 தான் சரி.

அப்புறம் புதுச் சிக்கல், கூர்மையாகத் தெரியும் பகுதியின் ஆழம். முழுச்சட்ட (36×24 மில்லிமீட்டர்) சென்சாரில், 1:1-இல், லென்ஸின் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் சுமார் 1 மில்லிமீட்டர்தான் கூர்மையாக இருக்கும். அதோடு அந்த நெருக்கத்தில் வெளிச்சமும் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கில் ஒரு பங்காக, குறையும். அதனால் டிஃப்யூசர் (ஒளியை மென்மையாகப் பரப்பும் திரை) போட்ட ஃப்ளாஷ் சேர்த்தேன். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளியும் கணத்தில் அழுத்துகிறேன். இப்போது கண்ணைச் சுற்றி ஒவ்வொரு ரோமமும் தெரிகிறது, அவ்வளவு அழகு!

ஜூமை விற்கவில்லை. பட்டாம்பூச்சி, தட்டான் போன்றவற்றுக்கு 1:4 தாராளம். தள்ளி நின்றே சட்டகத்தை மாற்றிக்கொள்ளலாம்.