25, 50 மீட்டரில் பிஸ்டல்: சைட்டைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்

10 மீட்டரில் ஓரளவு சுட வந்ததும் எல்லாருக்கும் 25, 50 மீட்டர் ஆசை வரும். அங்கே போய்ச் செய்யும் தவறுகளும் தலைமுறை தலைமுறையாக அதேதான். நிற்கும் விதம், மூச்சு, முன் சைட்டில் (குறிபார்க்கப் பிஸ்டலின் மேல் முன்னும் பின்னும் இருக்கும் இரண்டில் முன்னது) கண் வைப்பது பற்றி எந்தப் பயிற்சியாளரும் சொல்லிவிடுவார். அதை விடுகிறேன்.

குண்டுக்கு ஒரு திருகல்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஒரு குண்டு இடப்பக்கம் கீழே விழும். உடனே ஸ்க்ரூடிரைவரால் சைட்டைத் திருகுவார்கள், இரண்டு கிளிக் (திருகாணி ஒரு படி நகர்வது ஒரு கிளிக்). அடுத்தது வலப்பக்கம் போகும், மறுபடி ஸ்க்ரூடிரைவர். புதிதாக வந்த தம்பி ஒருவன் இப்படியே ஒரு பெட்டித் தோட்டாவையும் தீர்த்துவிட்டு, "அண்ணா, பிஸ்டல்லதான் ஏதோ கோளாறு" என்றான்.

சிதறல் யாருக்கும் உண்டு. 25 மீட்டரில் உங்கள் குரூப், அதாவது குண்டுகள் விழுந்த கும்பல், 12 சென்டிமீட்டர் அகலம் என்றால், நடுவிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி விழுந்த ஒற்றைக் குண்டை வைத்து சைட்டைக் குறை சொல்ல முடியாது. அதை நம்பித் திருகினால் அந்தக் குண்டின் பிழை அடுத்த குண்டின் தலையிலும் ஏறும். குரூப் இன்னும் விரியும்.

புது டார்கெட் மாட்டி, சைட்டைத் தொடாமல் 10 குண்டு சுடச் சொன்னேன். பெரும்பாலும் இடப்பக்கம் கீழே கும்பலாக விழுந்தன. வலக்கையால் சுடுபவருக்கு அப்படி விழுந்தால் முதலில் ட்ரிகர் விரலைத்தான் சந்தேகப்பட வேண்டும், வெடுக்கென்று இழுக்கிறார். இதைக் கிளிக்கால் சரிக்கட்டினால், பதறாமல் சுட்ட நல்ல குண்டு வலப்பக்கம் மேலே போய்விடும். விரலைச் சரிசெய்த பிறகும் குரூப்பின் நடு விலகியிருந்தால், அப்புறம் திருகுங்கள். எத்தனை கிளிக் என்று எழுதியும் வையுங்கள்.

கிட்டத்துத் திருப்தி

10 மீட்டரில் சின்னதாகத் தெரியும் பிழை தூரத்தில் பெரிதாகும். இரண்டு சைட்டுக்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் அரை மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டரில் 2.5 சென்டிமீட்டர் தவறும்; 50 மீட்டரில் 12.5. 50 மீட்டர் டார்கெட்டில் 10 புள்ளி வட்டத்தின் விட்டமே 5 சென்டிமீட்டர்தான்.

கை நடுங்கிய பிறகும் பிடித்திருப்பது

இறக்குங்கள். மறுபடி தூக்குங்கள்.

தோட்டா இல்லாமல் பழகுவது

தினமும் செய்யலாம், நல்லது. ஆனால் துப்பாக்கி காலியா என்று பார்த்தால் மட்டும் போதாது. தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. .22 அளவுப் பிஸ்டல்கள் சிலவற்றில் தோட்டா இல்லாமல் அடித்தால், தோட்டாவை அடிக்கும் ஊசியோ தோட்டா உட்காரும் குழியின் விளிம்போ கெடும், கையேட்டைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.