ஆப்கான் அகதிகளிடையே உளசமூகப் பணி: நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகள்

பாகிஸ்தானின் பெஷாவர் புறநகரில் ஒரு சிறு மருந்தகம். தாரி மொழி பேசும் ஆப்கான் பெண் ஒருவர் வந்து "எனக்கு ஃபிஷார்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அகராதியில் அந்தச் சொல்லுக்கு அழுத்தம் என்றுதான் இருக்கும். விவரம் எழுதிக்கொள்ளும் பணியாளர் 'பிரஷர்' என்று குறித்துக்கொண்டு கையில் பட்டையைக் கட்டிப் பார்க்கிறார். 120/80. "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார். அந்தப் பெண் மறுபடி அந்தப் பக்கம் வருவதில்லை.

அவர் சொன்னது ரத்த அழுத்தம் அல்ல. உள்ளுக்குள் ஏறிக்கொண்டே போகும் கொதிப்புக்கு 'ஃபிஷாரே பாலா', அதாவது மேல் அழுத்தம் என்று பெயர். உடம்பில் உயிரே இல்லாததுபோல் ஓய்ந்துபோனால் 'ஃபிஷாரே பாயின்', கீழ் அழுத்தம். சட்டென்று எரிந்துவிழுவது, பிள்ளைகளை அடித்துவிட்டுப் பிறகு அழுவது எல்லாம் 'அசபி'. இழப்பின் துக்கம் 'ஜிகர் கூன்': ஈரல் ரத்தமாகிப் போனது என்று பொருள். பயந்தால் ஈரக்குலை நடுங்குகிறது என்கிற நமக்கு இது புரியாத பேச்சல்ல. கென்னத் மில்லரும் அவருடைய ஆப்கான் சக ஆய்வாளர்களும் காபூலில் உருவாக்கி 2006இல் வெளியிட்ட அறிகுறிப் பட்டியல் இந்தச் சொற்களை வைத்தே கட்டப்பட்டது. இருந்தும் புதிதாக வரும் திட்டங்கள் பல, ஆங்கிலக் கேள்வித்தாளை அவசரமாக மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டுதான் களத்தில் இறங்குகின்றன.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். முதல் இரண்டு வாரத்தில் பத்துப் பதினைந்து பெண்களிடமும் அதே அளவு ஆண்களிடமும் தனித்தனியே மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தத் தெருவில் ஒருவர் மனம் நொந்துபோயிருக்கிறார் என்பது உங்களுக்கு எப்படித் தெரியவரும்? அதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள்? அப்படிப்பட்டவர் முதலில் யாரிடம் போவார்? பதிலை அவர்கள் சொன்ன மொழியிலேயே, சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பஷ்தூ, தாரி, உஸ்பெக் எல்லாம் வெவ்வேறு மொழிகள். உருது தெரிந்த ஒருவரை வைத்து எல்லாருக்கும் சமாளிக்கலாம் என்று நினைப்பதும் ஒரு தவறு. வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்வது அதைவிட மோசம். மகன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது கணவன் அடிப்பதை எந்தத் தாய் சொல்வார்?

வாசலில் 'மனநல மையம்' என்று பலகை மாட்டினால் யாரும் வரமாட்டார்கள். பஷ்தூவில் பைத்தியத்துக்கு 'லெவனை' என்பார்கள். அந்தப் பெயர் ஒரு பெண்மேல் விழுந்தால் அவருடைய தங்கையின் கல்யாணம்வரை பாதிக்கும். பெண்கள் கூடும் இடம், தையல் அறை என்று பெயர் வைக்கலாம். ஆனால் உள்ளே நடப்பது என்ன என்பதை முதல் நாளே வாயால் சொல்லிவிட வேண்டும். தையல் என்று சொல்லி அழைத்துவிட்டுத் துக்கத்தைக் கிளறினால் அது ஏமாற்று வேலை.

பழைய போரை மட்டும் தேடுவது

1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்ததிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆப்கானியர்கள் எல்லை தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கைக்குப் போனபோது இன்னோர் அலை வந்தது. ஆகவே காயம் என்றால் குண்டுவீச்சு, உடல்கள், தப்பியோட்டம் என்றே பணியாளர்கள் எதிர்பார்த்து வருகிறார்கள். உண்மையில் பெஷாவரிலும் குவெட்டாவிலும் இருக்கும் ஆப்கானியர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள். ஆப்கானிஸ்தானையே பார்த்திராதவர்களும் உண்டு. 2023 அக்டோபரில் ஆவணம் இல்லாத வெளிநாட்டினர் நவம்பர் 1க்குள் வெளியேற வேண்டும் என்று பாகிஸ்தான் அரசு அறிவித்தது. பாகிஸ்தான் அரசே கொடுத்த ஆப்கான் குடிமக்கள் அட்டை வைத்திருந்தவர்களுக்கு 2025 மார்ச் 31 கெடுவானது. ஈரானும் அதே ஆண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்பியது. இவர்களுக்கு 'ஊருக்குத் திரும்புவது' என்பதே இடப்பெயர்வு.

இன்றைக்கு இவர்களுடைய தூக்கத்தைக் கெடுப்பது முப்பது வருடத்துக்கு முந்தைய ராக்கெட் மட்டுமல்ல. காலையில் சாலையில் அட்டை கேட்கப்போகும் போலீஸும்தான். செங்கல் சூளை முதலாளியிடம் வாங்கிய 'பேஷ்கி' என்கிற முன்பணக் கடன் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் மகளுக்கு ஆறாம் வகுப்புக்குமேல் பள்ளியே இல்லை என்ற நினைப்பு இருக்கிறது. அன்றாட நெருக்கடிகள் மனத்தைப் போர் அனுபவத்தைவிடவும் கூட வாட்டக்கூடும் என்பதைக் காபூல் ஆய்வுகளே காட்டின. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு, அட்டைப் பிரச்சினைக்கு யாரைப் பார்ப்பது என்று கேட்டால் விழிக்கும் பணியாளர் பாதி வேலைதான் செய்கிறார். மனத்தைத் தனியாகக் கழற்றி எடுத்துப் பழுதுபார்க்க முடியாது. இந்தக் கட்டுரையில் வரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர், முடியும் என்று நினைப்பதுதான்.

எல்லாவற்றையும் கொட்டச் சொல்வது

மனத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பது உலகப் பொதுவான நம்பிக்கை. ஆனால் ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் விவரமாகச் சொல்லவைக்கும் முறை பலன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்பதால் உலக சுகாதார அமைப்பு அதைப் பரிந்துரைப்பதில்லை. பாகிஸ்தான்-ஆப்கான் எல்லையான தோர்கமில் லாரியிலிருந்து பாத்திரம் பண்டங்களோடு இறங்கி நிற்கும் குடும்பத்திடம் "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று குறிப்பேட்டோடு போய் நிற்கக்கூடாது. அங்கே செய்ய வேண்டியது உளவியல் முதலுதவி: பார், கேள், இணை. யாருக்கு உடனடி ஆபத்து, எந்தக் குழந்தை தனியாக நிற்கிறது என்று பாருங்கள். பேச விரும்பினால் கேளுங்கள், விரும்பாவிட்டால் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். பிறகு பதிவு மேசை, கழிப்பறை, வண்டி, உறவினருக்குப் பேச ஒரு போன் என்று அவர்களுக்கு வேண்டியதோடு சேர்த்துவிடுங்கள்.

குழந்தைகளிடம் "போரை வரை" என்பதும் இதே தவறுதான். தாளைக் கொடுங்கள், என்ன வரைய வேண்டும் என்று சொல்லாதீர்கள். தினமும் அதே நேரம், அதே முகங்கள், அதே விளையாட்டு என்ற ஒழுங்குதான் சிறுவர்களை மீட்கிறது. ஆறு முதல் ஒன்பது வயதுவரை என்றால் இருபது பேருக்கு இரண்டு பெரியவர்களாவது வேண்டும். ஐம்பது பேரை ஒரே கொட்டகையில் அடைத்துப் பாட்டுப் பாடவைத்தால் அறிக்கைக்குப் படம் கிடைக்கும், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு நிதானமாகச் செய்ய, நன்றாகச் சோதிக்கப்பட்ட வழி ஒன்று உண்டு. 'பிரச்சினை மேலாண்மை பிளஸ்' என்கிற ஐந்து அமர்வுத் திட்டம் பெஷாவரிலேயே தனிநபர்களுக்கும், ஸ்வாத் மாவட்டத்தில் பெண்கள் குழுக்களுக்கும் சோதிக்கப்பட்டது. முடிவுகள் 2016லும் 2019லும் வெளிவந்தன. வாரம் ஓர் அமர்வு, தனிநபருக்கு 90 நிமிடம். குழுவானால் ஆறிலிருந்து எட்டுப் பேர். மனநலப் படிப்பு இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களே நடத்தலாம். மெதுவாக மூச்சுவிடுவது, பிரச்சினையைத் துண்டு துண்டாக்கித் தீர்க்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வது, முடங்கிக் கிடப்பவர் சின்ன வேலைகளை மறுபடி தொடங்குவது, துணைக்கு ஆள் சேர்த்துக்கொள்வது: இந்த நான்கும்தான் அதன் உள்ளடக்கம்.

இது எங்கே கெடுகிறது என்றால், நேரம் இல்லை என்று ஐந்தை இரண்டாகச் சுருக்குவதில். உயிரை மாய்த்துக்கொள்ளும் திட்டத்தோடு இருப்பவரையோ கடும் மனநோய் உள்ளவரையோ தரம் பிரிக்காமல் குழுவில் உட்காரவைப்பதிலும் கெடுகிறது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைத்துவிடாது. உண்டு என்றால் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, கோதுமை மூட்டைக்குள் போடும் மாத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்டு, அவர் நம்பும் ஒருவர் மூலம் அப்புறப்படுத்துங்கள். அன்றே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

தூக்க மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் டயஸபாம் வகை மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்பது 2013 முதல் உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். இந்த மாத்திரையை யார் கொடுத்தார்கள், எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார் என்று கேட்காமல் எந்தப் பெண்ணையும் குழுவில் சேர்க்காதீர்கள். அதேபோல், பழகிவிட்டவரைத் திடீரென்று நிறுத்தவும் சொல்லாதீர்கள்.

பெரியவரைப் பிடித்தால் ஊரைப் பிடித்ததாக நினைப்பது

சமூகத்தைத் திரட்டுவது என்றாலே ஜிர்கா என்கிற ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காரும் வெள்ளைத்தாடிப் பெரியவர்களைக் கூட்டி, 'ஷூரா' என்கிற ஆலோசனைக் குழு அமைத்து, கைநாட்டு வாங்குவது வழக்கமாகிவிட்டது. அவர்களைத் தாண்டிப் போகவும் முடியாது, போகவும் கூடாது. ஆனால் அவர்களோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1980களின் முகாம்களே பாடம். ரேஷன் பட்டியல் மலிக்குகள் என்கிற தலைவர்கள் கையில் இருந்தது. கார்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டவும், வேண்டியவர்களை வளர்க்கவும் அது வழிவிட்டது. 'ரேஷன் மலிக்' என்ற பெயரே அப்படி நிலைத்தது. எனவே பொருள் பங்கிடும் பட்டியலையும் மனத்துயரம் கேட்கும் வேலையையும் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். கொடுத்தால், கம்பளி வேண்டும் என்றால் கஷ்டம் சொல்ல வேண்டும் என்ற கணக்கு நாலே நாளில் ஊருக்குள் பரவிவிடும்.

முல்லா, பள்ளி ஆசிரியர், பிரசவம் பார்க்கும் 'தாயி', தந்தூர் அடுப்பு வைத்திருப்பவர், மூலைக் கடைக்காரர் ஆகிய ஐந்து பேரையும் தனித்தனியே பார்த்துப் பேசுங்கள். விதவைகள் எத்தனை, வீட்டைவிட்டு வெளியே வராதவர் யார் என்பதைப் பெரும்பாலும் தாயிதான் சொல்வார். பெண்கள் ஷூரா தனியே கூட வேண்டும். ஆண்கள் ஷூராவில் இரண்டு பெண் பெயரை எழுதிவைத்தால் அது பெண்கள் ஷூரா ஆகிவிடாது. ரொட்டி சுடும் நேரத்தையும் வெள்ளிக்கிழமையையும் தவிர்த்து, நுழைவாயில் தெருவிலிருந்து தெரியாத வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பலரும் தனியே வர முடியாது. உடன் வரும் சகோதரனுக்கோ மாமியாருக்கோ உட்கார வேறோர் இடமும் பச்சைத் தேநீரும் வேண்டும், இல்லையென்றால் அடுத்த வாரம் அனுப்பமாட்டார்கள். காந்தஹார் குடும்பங்களில் 'காமக்' பட்டு நூல் வேலை தெரிந்த பெண்கள் இருப்பார்கள். கை ஊசியில் இருக்கும்போது கண் கீழே இருக்கும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் பேச முடிகிறபோது வருகிற பேச்சு வட்டமாக நாற்காலி போட்டால் வராது.

ஆண்களை மறப்பதும் இதே அளவு பெரிய தவறு. வேலை போனவன், வீட்டுக்குச் சோறு போட முடியாதவன், கௌரவம் போய்விட்டதாக நினைப்பவன் 'ஆதரவுக் குழு'வுக்கு வரமாட்டான், ஆண்கள் கூடிப் பேசும் 'ஹுஜ்ரா'வுக்கு வருவான். கூலி, கடன், அட்டை என்று அங்கே தொடங்குங்கள். தூக்கம் வராததும் கோபமும் மூன்றாம் நாள் தானே பேச்சில் வரும்.

இடம் கொடுத்த ஊரை மறந்துவிடுவது

பெஷாவர் இருக்கும் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தின் பல ஊர்களில் அகதிகள், உள்ளூர்க்காரர்கள் என இரு தரப்புக்கும் மொழி ஒன்று, தொழுகை ஒன்று, விருந்தோம்பல் மரபும் ஒன்று. ஆனால் உள்ளூர் ஏழையின் பிள்ளை வேலிக்கு வெளியே நின்று, உள்ளே பிஸ்கட் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மரபு எத்தனை நாள் தாங்கும்? பாகிஸ்தானில் 2009இல் தொடங்கிய, அகதிகளை ஏற்ற பகுதிகளுக்கான திட்டம் பள்ளி, சாலை, குடிநீர் என்று உள்ளூர்க்காரர்களுக்கும் சேர்த்துச் செய்தது இந்தக் காரணத்தால்தான். குழாய்க்கு 250 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்ற குறைந்தபட்சக் கணக்கைப் போடும்போது உள்ளூர்க் குடும்பங்களையும் தலையெண்ணிப் போடுங்கள். முகாம் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் போட்டால் மூன்றாம் மாதம் குழாயடியில் சண்டை, அதன் பிறகு எந்த நல்லிணக்கக் கூட்டமும் எடுபடாது.

கூட்டுக் குழுவை 'நல்லிணக்கம்' என்ற தலைப்பில் தொடங்காதீர்கள். கால்வாய் அடைப்பு, பள்ளி வழியில் தெருவிளக்கு என்று இருவருக்கும் பொதுவான ஒரு வேலையைக் கொடுங்கள். மனநல அமர்வுகளிலும் உள்ளூர்ப் பெண்களுக்கு இடம் இருக்க வேண்டும். அவர்களும் 2010 வெள்ளத்தையும் ஸ்வாத் சண்டையையும் பார்த்தவர்கள்தான்.

எழுதிவைத்த காகிதமே ஆபத்தாவது

வருகைப் பதிவேட்டில் பெயர், தந்தை பெயர், அட்டை எண், வீட்டு அடையாளம், கூடவே 'கணவர் அடிக்கிறார்' என்ற குறிப்பு. அந்த நோட்டு வேறு கைக்குப் போனால் ஒரு குடும்பம் அடுத்த லாரியில் எல்லைக்குப் போகும், இன்னொரு பெண்ணின் உயிருக்கே ஆபத்து வரும். பெயருக்குப் பதில் எண் போடுங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் தாளைத் தனிப் பூட்டில் வையுங்கள். அட்டை எண் உங்கள் வேலைக்குத் தேவையே இல்லை. பெண்களைப் படம் எடுக்கவே வேண்டாம்.

பரிந்துரைப் பட்டியலையும் மாதம் ஒரு முறை நீங்களே போன் செய்து சரிபாருங்கள். அந்த மருத்துவர் இன்னும் இருக்கிறாரா, அட்டை காலாவதியானவரைப் பார்ப்பாரா, பெண் மருத்துவர் எந்தக் கிழமை, போகவர வண்டிச் செலவு எவ்வளவு, அதை யார் கொடுப்பது? இந்த ஐந்துக்கும் பதில் இல்லாத பட்டியல் வெறும் தாள்.

பணியாளர்களில் பலர் தாமே இடம்பெயர்ந்தவர்கள், அவர்கள் அட்டையும் காலாவதியாகிறது. ஒரு வாரப் பயிற்சி கொடுத்து அனுப்பிவிட்டால் ஆறு மாதத்தில் அவர்கள் கற்றது தேய்ந்து அறிவுரை சொல்வதில் வந்து நிற்கும்: "பொறுமையாக இருங்கள், தொழுங்கள், அழாதீர்கள்." வாரத்துக்கு ஒரு முறை இரண்டு மணி நேரம், மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து அந்த வாரத்தின் கடினமான ஒரு சந்திப்பை நடித்துப் பார்த்துத் திருத்திக்கொள்வது அவசியம். பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவது இந்த வரிதான், அதை விடாமல் பிடித்துவையுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம், 2022 டிசம்பர் 24 முதல் அரசுசாரா அமைப்புகளில் ஆப்கான் பெண்கள் வேலை செய்யத் தடை இருக்கிறது. இன்று பெஷாவரில் உங்கள் குழுவில் இருக்கும் பெண் அடுத்த மாதம் ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹார் மாகாணத்தில் எந்த மையமும் எட்டாத இடத்தில் இருக்கலாம். ஆகவே ஒவ்வோர் அமர்வையும் அதுவே கடைசி அமர்வாகிவிடக்கூடும் என்று எண்ணி முடியுங்கள். மூச்சுப் பயிற்சியை அவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குப் பழக்குங்கள். எழுத்து தெரியாதவருக்குப் படம் வரைந்த அட்டை ஒன்று கொடுங்கள், அதில் அமைப்பின் பெயரோ முத்திரையோ இருக்க வேண்டாம். யாரோடு போகிறார், அங்கே எந்த உறவினர் வீடு, வழியில் யாரிடம் போன் இருக்கும் என்பதை லாரி வரும் நாளுக்கு முன்பே அவரோடு உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.