மகுடம் சூட்டிய பாட்டை நம்பி ஆல்பம் போடலாமா?

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் ஜெயித்த கன்ட்ரி (அமெரிக்காவின் கிராமியச் சாயல் கொண்ட இசை) பாடகருக்கு முதல் ஆல்பம் போடக் கிடைப்பது பல நேரம் ஐந்தாறு மாதம்தான். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் செகோட்டா என்ற சின்ன ஊரில் வளர்ந்த கேரி அண்டர்வுட், 'அமெரிக்கன் ஐடல்' நான்காவது சீசனில் ஜெயித்தது 2005 மே மாதக் கடைசியில். அவருடைய முதல் ஆல்பம் 'சம் ஹார்ட்ஸ்' வெளிவந்தது அதே ஆண்டு நவம்பர் 15 அன்று. நடுவில் சக போட்டியாளர்களோடு ஊர் ஊராகக் கச்சேரி வேறு. இந்த ஓட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

பெரிய சறுக்கல், இறுதிச்சுற்றில் பாடிய பாட்டையே ஆல்பத்தின் முகமாக்குவது. அந்தப் பாட்டு யார் ஜெயித்தாலும் பொருந்த வேண்டும் என்று தேர்ந்தெடுக்கப்படுவது. அண்டர்வுட்டின் 'இன்சைட் யுவர் ஹெவன்' பாட்டை, இரண்டாம் இடம் வந்த ராக் பாடகர் போ பைஸும் பதிவு செய்து வெளியிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின், எல்லா வகைப் பாட்டுகளுக்குமான பொதுப் பட்டியலில் அது நேராக முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது. கன்ட்ரி ரேடியோவோ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆல்பத்தில் அதைக் கூடுதல் பாட்டாகக் கடைசியில் வைத்துவிட்டார்கள். அது சரியான முடிவு.

கன்ட்ரி ரேடியோ நிலையங்களுக்கு முதலில் போனது 'ஜீசஸ், டேக் த வீல்'. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பின்சீட்டில் கைக்குழந்தை, பனிச்சாலையில் கார் சுழல்கிறது, ஓட்டும் பெண் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கடவுளைக் கூப்பிடுகிறாள். கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில் கேட்பது இப்படி ஒரு ஆள், ஒரு இடம், ஒரு கதை. மேடையில் உச்ச ஸ்தாயியில் நின்று கைதட்டல் வாங்குவது வேறு வித்தை. கன்ட்ரி பட்டியலில் அந்தப் பாட்டு 2006 தொடக்கத்தில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. இத்தனைக்கும் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு டயான் வாரன் எழுதிய சாதாரண பாப் பாட்டுதான். இரண்டு பக்கமும் கால் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தலைப்புப் பாட்டை இன்று யார் நினைக்கிறார்கள்?

அடுத்த சறுக்கல், போட்டியில் ரசிகர்கள் போடும் ஓட்டையும் ரேடியோவையும் ஒன்றாக நினைப்பது. ஓட்டு ஒரே ராத்திரியில் விழும். கன்ட்ரி ரேடியோவில் ஒரு பாட்டு மேலே ஏற அரை வருடம்கூட ஆகும். அதற்குப் பாடகர் கிட்டாரோடு நிலையம் நிலையமாகப் போய், எந்தப் பாட்டை ஒலிபரப்புவது என்று முடிவு செய்பவர்கள் முன்னால் பாடிக்காட்ட வேண்டும். 2011 'ஐடல்' வெற்றியாளர் ஸ்காட்டி மெக்ரீரியின் 'கிளியர் ஆஸ் டே' ஆல்பம் அந்த அக்டோபரில் முதல் வாரத்திலேயே 1,97,000 பிரதி விற்று, எல்லா வகை ஆல்பங்களுக்குமான பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆல்பம் வெளிவந்தபோது அவருக்கு 18 வயதுகூட ஆகவில்லை. ஆனால் அதிலிருந்து சிங்கிள்களாக, அதாவது தனிப் பாட்டாக, வெளிவந்தவை கன்ட்ரி பட்டியலில் முதல் பத்துக்குள் நுழையவில்லை. வாங்கியவர்கள் டிவி ரசிகர்கள். ரேடியோக்காரர்களை இனிமேல்தான் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

முதல் வாரக் கணக்கைப் பார்த்துத் துள்ளுவதோ துவள்வதோ இதோடு சேர்ந்த தவறு. 'சம் ஹார்ட்ஸ்' முதல் வாரம் 3,15,000 பிரதிகளோடு இரண்டாம் இடத்தில்தான் தொடங்கியது. 2006-இன் மொத்தக் கணக்கு வந்தபோது பில்போர்டின் ஆண்டுப் பட்டியலில் முதல் ஆல்பம் அதுதான். அதே ஆல்பத்தில், துரோகம் செய்த காதலனின் வண்டியை ஒரு பெண் அடித்து நொறுக்கும் 'பிஃபோர் ஹி சீட்ஸ்' பொதுப் பட்டியலின் முதல் பத்துக்குள் வந்தது 2007-இல். ஆல்பம் வந்து ஒன்றரை வருடம் கழித்து!

அப்புறம், எல்லாப் பாட்டையும் நானே எழுதுவேன் என்ற பிடிவாதம். மேடையில் பிறர் பாட்டைப் பாடி ஜெயித்தவருக்கு இது எளிதில் வரும் ஆசை. அண்டர்வுட் முதல் ஆல்பத்தில் எழுத்தில் பங்கெடுத்தது ஒரே ஒரு பாட்டில், அதுவும் சொந்த ஊரைப் பற்றி. மற்றவை நாஷ்வில்லிலும் வெளியிலும் தொழில்முறையாக எழுதுகிறவர்களுடையவை. எழுதத் தெரிந்தவர் என்றால் கதையே வேறு. 2003-இல் 'நாஷ்வில் ஸ்டார்' போட்டியில் மூன்றாம் இடம் வந்த மிராண்டா லாம்பர்ட், ஒரு பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தன் எழுத்து இருக்கும் 'கெரோசின்' ஆல்பத்தோடு 2005-இல் வந்து கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தார். அந்தப் போட்டியில் ஜெயித்த பட்டி ஜுவலின் ஆல்பம் 2003 ஜூலையிலேயே வந்து அதே இடத்தைத் தொட்டிருந்தது. ஆனாலும் நீண்டு நிலைத்தது லாம்பர்ட்தான். தோற்றதில் அவருக்குக் கிடைத்த பெரிய பரிசு அவகாசம் என்பேன்.

முதல் ஆல்பத்தோடு எல்லாம் முடிந்தது என்று இசை நிறுவனங்கள் கைகழுவுவதும் தவறுதான். 2006-இல் அதே 'நாஷ்வில் ஸ்டாரில்' ஜெயித்த கிறிஸ் யங்கின் முதல் சிங்கிள்கள் எடுபடவில்லை. இரண்டாவது ஆல்பத்தின் 'கெட்டின் யூ ஹோம்' 2009-இல் முதலிடம் வந்தது. மெக்ரீரியை 2016-இல் அவருடைய நிறுவனம் விட்டுவிட்டது. தாத்தாவை இழந்த பிறகு இன்னும் இருவரோடு சேர்ந்து எழுதிய 'ஃபைவ் மோர் மினிட்ஸ்' பாட்டை நிறுவனம் எதுவும் இல்லாமல் அவரே வெளியிட்டார். 2018-இல் அது கன்ட்ரி ரேடியோவில் முதலிடம் பிடித்தது. அவருக்கு அங்கே அதுதான் முதல் முதலிடம்.