கட்டை அவிழ்க்காதீர்கள்: பழைய எழுத்தாளர் ஒருவரின் காகிதங்களைக் காப்பது எப்படி

மேற்கு மாசசூசெட்ஸில் ஒரு சின்ன ஊரின் வரலாற்றுச் சங்கத்தில் பழைய காகிதங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்தப் பக்கம் பழைய வீடு ஒன்று விற்பனைக்கு வந்தால் பரண் காலியாகும். பரண் காலியானால் எங்கள் வாசலுக்கு ஒரு பெட்டி வரும். "எங்கள் கொள்ளுப்பாட்டியின் அத்தை கதை எழுதுவாராம், பாஸ்டன் பத்திரிகைகளில் எல்லாம் வந்ததாம்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்களிடம் வரும் தன்னார்வலர்களில் தமிழர்களும் உண்டு. முதல் நாள் அவர்களிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெட்டியைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும். தேதி வாரியாக அடுக்கலாம், கவிதையைத் தனியாக, கடிதத்தைத் தனியாகப் பிரிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். முதலில் படம் எடுங்கள். மூடியைத் திறந்ததும் மேலிருந்து ஒன்று. மேலே இருக்கும் கட்டை எடுப்பதற்கு முன் ஒன்று, எடுத்த பின் ஒன்று. எந்த உறைக்குள் எந்தத் தாள் இருந்தது, எந்த நாடாவில் எதையெல்லாம் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் காய்ந்த பூ இருந்தது, எல்லாவற்றையும் பென்சிலால் ஒரு நோட்டில் எழுதுங்கள். பேனா அந்த மேஜைப் பக்கமே வரக்கூடாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு கவிஞர் எமிலி டிக்கின்சன் கதையைச் சொல்வேன். இதே வட்டாரத்தில் இருக்கும் ஆம்ஹர்ஸ்ட்காரர். 1886 மே மாதம் அவர் இறந்தபோது அச்சில் வந்திருந்த கவிதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தங்கை லவினியா அந்தக் கால வழக்கப்படி அக்காவுக்கு வந்திருந்த கடிதங்களை எரித்தார். கவிதைகள் கண்ணில் பட்டபோது அவற்றை மட்டும் எரிக்கவில்லை. எழுதி முடித்த மடிப்புத் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஓரத்தில் இரண்டு துளை போட்டு, நூல் கோத்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார் எமிலி. இப்படி 40 சிறு கட்டுகள், அவற்றில் 800-க்கும் மேற்பட்ட கவிதைகள். எந்தக் கவிதைக்குப் பக்கத்தில் எந்தக் கவிதை என்று தீர்மானித்தது அவர் கைதான்.

அச்சுக்குத் தயார் செய்த மேபல் லூமிஸ் டாட் அந்தக் கட்டுகளைப் பிரித்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. கவிதைகளைப் பொறுமையாகப் படியெடுத்தவர் அவர். 1890-இல் எழுத்தாளர் ஹிக்கின்சனோடு சேர்ந்து முதல் தொகுதியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்தத் தொகுதியில் எமிலி வைக்காத தலைப்புகள் முளைத்தன, நிறுத்தக்குறிகள் மாறின என்பது வேறு விஷயம். அப்புறம் ஆர். டபிள்யூ. ஃபிராங்க்ளின் என்ற அறிஞர் உட்கார்ந்து, ஒரு தாளில் பட்ட கறை அடுத்த தாளில் எங்கே பதிந்திருக்கிறது, ஊசித் துளைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, மடிப்பு எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, பழைய வரிசையைத் திரும்பக் கட்டி 1981-இல் நகல் பதிப்பாக வெளியிட்டார். அவிழ்த்த நூலின் கணக்கைத் தீர்க்கக் கிட்டத்தட்ட 90 வருஷம் ஆகியிருக்கிறது. நம் பெட்டிக்கு ஒரு ஃபிராங்க்ளின் வருவார் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே தையல் நூல், நாடா, முடிச்சு எதையும் தொடாதீர்கள். எடுக்க வேண்டியவை ரப்பர் பேண்ட், துருப்பிடித்த கிளிப், குண்டூசி. ஊசியையும் பிடித்து இழுக்கக் கூடாது. துரு தாளோடு ஒட்டியிருக்கும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் ஃபிலிம் துண்டு ஒன்றைச் செருகி, தாளை விரலால் அமுக்கிக்கொண்டு ஊசியை மெதுவாக நகர்த்துங்கள். எடுப்பதற்கு முன் அது எதை எதோடு சேர்த்துக் குத்தியிருந்தது என்று குறியுங்கள். டிக்கின்சனே துண்டுத் தாள்களைக் குண்டூசியால் சேர்த்து வைத்தவர். ஊசிக்கும் அர்த்தம் இருக்கும்.

கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டுகிறவரை நான் மேஜைக்குப் பக்கத்தில் விடுவதில்லை. லாமினேஷன் அதைவிட மோசம், திரும்ப வழியே கிடையாது. கிழிசல் கிழிசலாகவே இருக்கட்டும். ஆசிட் இல்லாத ஃபோல்டரில் தாளை விரித்து வைத்தாலே போதும். டிவியில் காட்டுகிற வெள்ளைப் பருத்திக் கையுறையும் வேண்டாம். அது போட்டால் தாளின் ஓரம் எங்கே என்று விரலுக்குத் தெரியாது, கிழிந்துவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு வாருங்கள், க்ரீம் தடவாமல். புகைப்படங்களுக்கு மட்டும் நைட்ரைல் கையுறை. பெட்டி போன்ற கூட்டுக்குள் இருக்கும் டகரோடைப் படம் கிடைத்தால் கண்ணாடியைத் திறக்கவோ துடைக்கவோ முயலாதீர்கள். வெள்ளித் தகட்டின் மேல் இருக்கும் அந்தப் படம் ஒரு துடைப்பில் போய்விடும்.

மை விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. அந்தக் காலத்துக் கறுப்பு மை பெரும்பாலும் மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சியது. எழுதிய புதிதில் கறுப்பு, போகப் போகப் பழுப்பு. அதில் இருக்கும் இரும்பும் அமிலமும் தாளைத் தின்னும். அழுத்தி எழுதிய இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருப்பதைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட தாளை ஈரப்படுத்தி மடிப்பை நீக்கலாம் என்று இணையத்தில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈரம் பட்டால் இரும்பு நகர்ந்து புதிய இடத்தையும் தின்ன ஆரம்பிக்கும். மை ஓட்டை போட்ட தாள்களைத் தனி ஃபோல்டரில் போட்டு, 'மடிக்க வேண்டாம், நிபுணர் பார்க்க வேண்டும்' என்று ஃபோல்டரின் மேல் எழுதிவிடுங்கள். ஆண்டோவரில் நார்த்ஈஸ்ட் டாக்குமெண்ட் கன்சர்வேஷன் சென்டர் என்ற ஆவணப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. அவர்களுடைய வழிகாட்டிக் குறிப்புகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். நான் இங்கே சுருக்கியதெல்லாம் அங்கே விரிவாகக் கிடைக்கும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று ஆச்சரியமாக இருக்கும். 1840-களின் கடிதம் வெளுப்பாக, வளைத்தாலும் ஒடியாமல் இருக்கும். 1890-களின் பத்திரிகை நறுக்கு தொட்டால் உதிரும். முன்னது கந்தல் துணியில் செய்த காகிதம், பின்னது மரக்கூழ். நறுக்கு தானும் கெட்டு, பக்கத்தில் இருக்கும் கடிதத்திலும் பழுப்பு நிழல் விழுத்தும். நல்ல தாளில் நகல் எடுத்து நகலைக் கடிதத்தோடு வைத்துவிட்டு, அசலை வேறு ஃபோல்டருக்கு மாற்றுங்கள். இரண்டிலும் ஒரே எண்ணைப் பென்சிலால் போடுங்கள், உறவு அறுந்துவிடக் கூடாது.

வைக்கும் இடம் பரணும் வேண்டாம், பேஸ்மென்ட்டும் வேண்டாம். ஒன்று வெயிலில் வேகும், மற்றது ஓதம் காக்கும். வீட்டுக்கு நடுவில், வெளிச்சுவர் ஒட்டாத அலமாரி போதும். 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு, 30-இலிருந்து 50 சதவீதம் ஈரப்பதம். எண்ணைவிட அது ஏறி இறங்காமல் இருப்பதுதான் முக்கியம். தண்ணீரில் நனைந்த கட்டு வந்தால் 48 மணி நேரத்துக்குள் உறைய வையுங்கள். பூஞ்சணம் அதற்கு மேல் காத்திருக்காது.

'இது வெறும் குப்பை' என்ற பேச்சை எங்கள் அறையில் தடை செய்திருக்கிறேன். டிக்கின்சன் கடைசிக் காலத்தில் பழைய கடித உறைகளைப் பிரித்து அவற்றின் உட்புறத்தில் எழுதினார். சாக்லேட் சுற்றி வந்த காகிதத்திலும் எழுதினார். தேங்காய் கேக் செய்முறை எழுதிய தாளின் பின்பக்கத்தில் ஒரு கவிதை இருக்கிறது. இன்னொரு தாளில் நடுவே ரயில் இன்ஜின் படம் போட்ட மூன்று சென்ட் தபால்தலையை ஒட்டி, அதன் கீழிருந்து பத்திரிகையில் வெட்டிய இரண்டு சிறு துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்க, அதைச் சுற்றிக் கவிதை ஓடுகிறது. தபால்தலை சேகரிப்பவர் கையில் அது முதலில் கிடைத்திருந்தால் ஆவி காட்டி உரித்திருப்பார். மளிகைக் கணக்கு, விதைப் பொட்டலம், மருந்துச் சீட்டு என்று எது வந்தாலும் இரண்டு பக்கமும் பாருங்கள், உறை என்றால் உள்ளேயும் பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சின்ன டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேஜையோடு படுக்க வைத்துப் பிடியுங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் பள்ளங்கள் எழும்பும். அழித்த பென்சில் எழுத்து, காகித ஆலையின் அழுத்த முத்திரை, மேலே வேறு தாள் வைத்து எழுதியபோது விழுந்த தடம், எல்லாம் நிழலாகத் தெரியும். அப்படியே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழிப்பு என்பது இந்தப் பெட்டிகளில் சாதாரணம். டிக்கின்சன் அண்ணி சூசனுக்காக எழுதிய ஒரு கவிதையின் மேல் யாரோ வரி வரியாக மை பூசியிருக்கிறார்கள். அண்ணன் ஆஸ்டினுக்கு எழுதிய கடிதங்களில் சூசனைப் பற்றிய இடங்கள் சுரண்டப்பட்டிருக்கின்றன. அதற்கு முன்பே எழுத்தாளர் மார்கரெட் ஃபுல்லருக்கும் இது நடந்தது. 1850-இல் கப்பல் உடைந்து அவர் இறந்ததும், எமர்சன் உள்ளிட்ட நண்பர்கள் நினைவு நூல் தொகுக்கிறோம் என்று அவருடைய நாட்குறிப்புகளை வெட்டினார்கள், அடித்தார்கள், ஒட்டினார்கள். அத்தனை பேரும் அவர்மேல் பிரியம் உள்ளவர்கள். எனக்குக் கரையானைவிடப் பிரியமானவர்களிடம்தான் பயம். குடும்பத்தார் 'இந்த ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துவிடுகிறோமே' என்று கேட்டால், எடுக்க வேண்டாம், 25 ஆண்டுக்கு மூடி முத்திரை வைக்கலாம் என்று பேசிப் பாருங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

பட்டியல் போடும்போது பெயரில் கவனம் வேண்டும். அந்தக் காலத்துப் பெண் எழுத்தாளருக்குப் பிறந்த பெயர் ஒன்று, கணவர் பெயர் ஒன்று, புனைபெயர் ஒன்று. ஹெலன் ஹண்ட் ஜாக்சனுக்கு இரண்டு திருமணம், அதோடு 'எச்.எச்.' என்றும் 'சாக்ஸ் ஹோம்' என்றும் கையெழுத்து. எல்லாப் பெயரையும் எழுதுங்கள், தலைப்பில் அவருடைய சொந்தப் பெயரைப் போடுங்கள். நமக்கு வின்ஸ்லோ என்றால் தமிழ்-ஆங்கில அகராதி போட்ட மைரன் வின்ஸ்லோ. அவர் மனைவி ஹாரியட் 1824-இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளியைத் தொடங்கியவர். 1833-இல் இறந்தார். அவருடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் 1835-இல் புத்தகமாகத் தொகுத்தது கணவர்தான். அவர்களை அனுப்பிய அமெரிக்க மிஷன் சங்கத்தின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹோட்டன் நூலகத்தில் இருக்கின்றன, டிக்கின்சன் காகிதங்களில் பாதி இருக்கும் அதே இடம். யாராவது தமிழர் போய்ப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்.

உங்கள் பெட்டியோடு தேடலை நிறுத்தாதீர்கள். பெண்ணின் காகிதம் பெரும்பாலும் இன்னொருவர் பெட்டியில்தான் மிஞ்சும். அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861-இல் லிண்டா பிரென்ட் என்ற பெயரில் தன் வரலாற்றை எழுதினார். அது வெள்ளைக்காரப் பதிப்பாசிரியர் லிடியா மரியா சைல்ட் எழுதிய கற்பனை என்றே பலர் நினைத்தார்கள். தோழி ஏமி போஸ்டுக்கு ஜேக்கப்ஸ் எழுதிய கடிதங்கள் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் போஸ்ட் குடும்பக் காகிதங்களுக்குள் இருந்தன. அவற்றை வைத்துத்தான் ஜீன் ஃபேகன் யெலின் அது ஜேக்கப்ஸின் எழுத்தே என்று நிறுவினார். 1987-இல் புதிய பதிப்பு வந்தது. லூயிசா மே ஆல்காட் ஏ. எம். பர்னார்ட் என்ற பெயரில் திகில் கதை எழுதியது 1940-களில் வெளியே வந்ததும் பதிப்பாளர் அவருக்கு எழுதிய வியாபாரக் கடிதங்களால்தான். ஆகவே பதிப்பாளர், தோழி, மாமியார், பள்ளி ஆசிரியை என்று கடிதத்தில் வரும் ஒவ்வொரு பெயரையும் தனித் தாளில் எழுதி, அவர்கள் காகிதம் எங்கே இருக்கிறது என்று நூலகப் பட்டியல்களில் தேடுங்கள்.

கடைசியில் யாரிடம் கொடுப்பது? ஊர்ச் சங்கத்தில் நல்ல அலமாரி இருந்தால் அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் ஹார்வர்டின் ராட்கிளிஃபில் ஷ்லெசிங்கர் நூலகம், நார்தாம்ப்டனில் ஸ்மித் கல்லூரியின் சோஃபியா ஸ்மித் தொகுப்பு, இரண்டுமே பெண்கள் வரலாற்றுக்கென்று இருப்பவை. யாரிடம் கொடுத்தாலும் மொத்தமாகக் கொடுங்கள். டிக்கின்சன் காகிதங்கள் பிரிந்ததற்கு ஒரு துண்டு நிலம் காரணம். அதை வைத்து லவினியாவுக்கும் டாடுக்கும் 1898-இல் வழக்கு. டாட் தன்னிடம் இருந்ததைப் பெட்டியில் பூட்டிவிட்டார், முப்பது வருஷம் திறக்கவில்லை. ஒரு பாதி 1950-இல் ஹார்வர்டுக்கும், மறு பாதி 1956-இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்கும் போனது. இரண்டையும் ஒரே இணையத் திரையில் சேர்த்துப் பார்க்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் குடும்பத்தில் அண்ணன் தம்பி பங்கு கேட்டால் முதலில் முழுவதையும் வண்ணத்தில், இரு பக்கமும் ஸ்கேன் செய்து ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டு, அசலை ஒரே இடத்தில் வையுங்கள்.

இணையத்தில் போடுவதற்கு முன் உரிமையைப் பாருங்கள். அமெரிக்கச் சட்டத்தில் அச்சில் வராத எழுத்துக்கு, எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை. நம் பெட்டிக்காரர்கள் இறந்து அதைவிட அதிகம் ஆகியிருக்கும், அதனால் பெரும்பாலும் தடை இருக்காது. ஆனால் முதல் முறையாக 1978-க்கும் 2002-க்கும் இடையில் யாராவது அச்சிட்டிருந்தால் 2047 முடியும்வரை உரிமை நீடிக்கும். இடையில் வந்த பதிப்புகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. 1886-இல் இறந்த டிக்கின்சனின் 1955 பதிப்புக்கு ஹார்வர்டு இன்னும் உரிமை கோருகிறது. ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது இரண்டு வரி கேட்டு வாங்குங்கள்: காகிதத்தோடு பதிப்புரிமையும் போகிறதா என்பது ஒன்று, வேண்டாம் என்று அவர்கள் கழிக்கும் தாள்களை உங்களுக்கே திருப்பித் தருவார்களா என்பது இன்னொன்று.